பந்தை விடுங்கள், 99-ஐப் பாருங்கள்

அமெரிக்காவில் சூப்பர் பவுல் இரவுக்கு மட்டும் கூடும் தமிழ் நண்பர்களுக்கு,



பிப்ரவரி பிறந்தால் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் கூடிவிடுகிறீர்கள். விளம்பரம் வந்தால் அமைதி, ஆட்டம் தொடங்கினால் அரட்டை. நடுவே ஒருவர் தவறாமல் கேட்பார்: "அஞ்சு செகண்ட் முட்டிக்கிறாங்க, அரை நிமிஷம் சும்மா நிக்கிறாங்க, இதுல என்னங்க இருக்கு?" நியாயமான கேள்விதான். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஐந்து விநாடியிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. குவாட்டர்பேக் பின்வாங்குகிறார், எறிகிறார், ஒருவர் பிடிக்கிறார் அல்லது கோட்டை விடுகிறார். அந்த எறிதல் நடக்குமா நடக்காதா என்பது அதற்குள் வேறோர் இடத்தில் முடிவாகிவிடுகிறது. குவாட்டர்பேக்குக்குச் சில கெஜம் முன்னால், ஆளுக்கு முந்நூறு பவுண்டு இருப்பவர்கள் முட்டிமோதும் அந்த நெரிசலுக்குள்.

அந்த நெரிசலைப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதற்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வதுதான் சுலபமான வழி. நான் பரிந்துரைப்பவர் ஆரன் டொனால்ட். 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். உங்களில் சிலருக்கு 2022 சூப்பர் பவுலின் கடைசிக் கட்டம் நினைவிருக்கலாம். சின்சினாட்டியின் ஜோ பர்ரோவை ஒருவர் பிடித்துச் சுழற்ற, பந்து எங்கோ போய் விழ, அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மோதிர விரலைக் காட்டிக்கொண்டு ஓடினாரே, அவர்தான். ஆனால் நான் பார்க்கச் சொல்வது அந்த ஆட்டத்தை அல்ல. அவருடைய தொடக்க வருடங்களை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள், பிறகு ராம்ஸ் அணியில் முதல் மூன்று. மொத்தத்தில் சுமாரான அணி, அப்புறம் தோற்கிற அணி. அணி வெல்லும்போது நம் கண் டச் டவுன் பின்னாலேயே ஓடிவிடும். தோற்கிற அணியில் அந்தத் தொல்லை இல்லை. முன்வரிசையைத் தவிரப் பார்க்க அங்கே அதிகம் இருக்காது.

முதலில் அந்த முன்வரிசையில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அவர்களுக்கு வெளியே டேக்கிள். இவர்களுக்கு எதிரே டிஃபென்ஸின் நால்வர்: ஓரங்களில் இரண்டு எண்ட், உள்ளே இரண்டு டேக்கிள். (இரு பக்கத்திலும் டேக்கிள் என்றே பெயர். இந்த ஆட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நம் சௌகரியத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.) டொனால்ட் உள்ளே நிற்கும் டேக்கிள். பெரும்பாலும் கார்டின் வெளித்தோளுக்கு நேர் எதிரே நிற்பார். பயிற்சியாளர்கள் இந்த இடத்தை த்ரீ டெக்னிக் என்பார்கள். பந்து அசைந்த கணத்தில் கார்டுக்கும் வெளியே நிற்கும் டேக்கிளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நுழைந்து பின்னால் இருப்பவரைப் பிடிப்பது அவர் வேலை. சொல்ல எளிது. அந்த இடுக்கு ஒரு கெஜம்கூட இருக்காது, அதையும் மூட இரண்டு பேர் வருவார்கள்.

உள்ளிருந்து வரும் நெருக்கடி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? குவாட்டர்பேக்குக்குப் பந்தை எறியக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை விநாடி. ஓரத்திலிருந்து எண்ட் வளைந்து வருகிறார் என்றால் குவாட்டர்பேக் இரண்டடி முன்னே எடுத்து வைத்தால் போதும், வந்தவர் பின்புறமாக ஓடிக் கடந்துபோவார். காலங்காலமாக எல்லாக் குவாட்டர்பேக்கும் கற்றுக்கொள்ளும் முதல் தப்பிப்பு இது. அந்த இரண்டடி இடத்தில் ஏற்கெனவே ஒருவர் வந்து நின்றால்? முன்னே போக முடியாது, பின்னே போனால் ஓரத்துக்காரர் காத்திருக்கிறார். எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்தினால் அது சாக். கணக்கில் அது எழுதப்படுவது ஓரத்துக்காரர் பெயரில். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஓட்டமே விடாமல் ஒருவர் வீச, பொறுமையிழந்த மட்டையாளர் மறுமுனையில் விக்கெட்டைக் கொடுப்பாரே, அதே கதைதான். ஸ்கோர் பலகையில் உள்ளாளுக்குச் சேர வேண்டிய பங்கு பாதிதான் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் தரும் எண்களின் கனம் புரியும்.

டொனால்ட் 1991 மே 23-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். நகரத்தின் லிங்கன்-லெமிங்டன் பகுதியில் வளர்ந்தார். சிறுவயதில் கொஞ்சம் சோம்பேறி என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பா ஆர்ச்சி வீட்டு பேஸ்மென்ட்டில் எடை தூக்கும் சாமான்களைப் போட்டு ஒரு கூடம் அமைத்தார். பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம்: அதிகாலை நாலரைக்கு அப்பா எழுப்புவார், இருவரும் கீழே இறங்கிப் பயிற்சி செய்வார்கள், பிறகு பள்ளி. அமெரிக்க விளையாட்டுக் கதைகளில் இப்படியோர் அப்பா அடிக்கடி வருவார், அதனால் சட்டென்று நம்பிவிட எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் டொனால்ட் விஷயத்தில் அந்தப் பேஸ்மென்ட்டின் விளைவை அளந்தே பார்த்தார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

நகரை ஒட்டிய பென் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். கல்லூரி அணிகளுக்கு ஆள் பிடிப்போர் அவருக்குக் கொடுத்தது மூன்று நட்சத்திரம். நாட்டின் பெரிய அணிகள் தேடி வருவது பொதுவாக நான்கு, ஐந்து நட்சத்திரப் பையன்களைத்தான். உயரம் குறைவு என்பதுதான் எங்கும் பேச்சு. கடைசியில் உள்ளூர்ப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார்.

சேர்ந்த நேரம் சரியில்லை. 2010 முடிவில் தலைமைப் பயிற்சியாளர் டேவ் வான்ஸ்டெட் போனார். அவருக்குப் பதில் நியமிக்கப்பட்டவர் ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் சில வாரங்களில் நீக்கப்பட்டார். 2011-க்கு டாட் கிரஹாம் வந்தார், ஒரே பருவத்தில் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். 2012-இல் பால் கிரைஸ்ட். ஆள் மாறும்போதெல்லாம் வியூகம் மாறும், எங்கே நிற்பது, எந்தக் காலை முன்னே வைப்பது என்பதுவரை மாறும். டொனால்ட் இருந்த நான்கு பருவங்களில் அணி 27 வென்று 25 தோற்றது. சராசரிக்குச் சற்று மேல், அவ்வளவே.

அவருடைய எண்களோ வேறு திசையில் போயின. 2011-இல் 11 சாக். 2012-இல் ஐந்தரை. 2013-இல் மறுபடி 11. அதோடு, ஆட்டக் கோட்டுக்குப் பின்னாலேயே எதிரணியை வீழ்த்திய கணக்கில் அந்த ஒரே பருவத்தில் 28.5, நாட்டிலேயே அதிகம். (அரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி.) உள்ளே நிற்பவரின் பெயரில் ஏற வேண்டிய எண்ணே அல்ல அது. அந்த ஆண்டு நாகர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லாண்ட், லொம்பார்டி என்று டிஃபென்ஸ்காரருக்கும் முன்வரிசைக்காரருக்கும் கொடுக்கும் நான்கு பெரிய விருதுகளும் அவர் வீட்டுக்குப் போயின. அணி 7 வெற்றி, 6 தோல்வி.

அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 2, அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்குடன். டெக் அணி அப்போது ஆடியது பழைய பாணி ஆப்ஷன் ஆட்டம். குவாட்டர்பேக் பந்தை ஓடுபவரின் வயிற்றுக்குள் செருகுவார். எதிரே ஒருவரை மட்டும் யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் ஓடுபவரை நோக்கிப் போனால் குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார், குவாட்டர்பேக்கை நோக்கி வந்தால் பந்தை விட்டுவிடுவார். எப்படிப் பார்த்தாலும் டிஃபென்ஸ்காரர் தவறானவரைப் பிடிப்பார் என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். ஒருமுறை பந்து கைமாறும் அந்த நொடியிலேயே டொனால்ட் வந்து சேர்ந்துவிட்டார். குவாட்டர்பேக்கையும் ஓடுபவரையும் சேர்த்தே அணைத்துக் கீழே கொண்டுபோனார். பந்து யாரிடம் என்பதே அவருக்குத் தேவைப்படவில்லை. அன்று மட்டும் கோட்டுக்குப் பின்னால் ஆறு முறை வீழ்த்தினார், இரண்டு முறை பந்தைத் தட்டி விழச்செய்தார். பிட்ஸ்பர்க் 21-10 என்று தோற்றது.

அடுத்து 2014, தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வுக் காலம். ஜனவரியில் அலபாமாவின் மொபீலில் சீனியர் பவுல் பயிற்சிகள். அங்கே கார்டும் டேக்கிளும் தனித்தனியாக எதிரெதிரே நிற்கும் பயிற்சி உண்டு. சுற்றிலும் எல்லா அணிகளின் ஆட்களும் குறிப்பேட்டோடு நிற்பார்கள். டொனால்டைத் தடுத்து நிறுத்த வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திணறினார்கள். பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் அளவெடுப்பு. உயரம் ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட முழுசாக இல்லை. எடை 285 பவுண்டு. நாற்பது கெஜ ஓட்டம் 4.68 விநாடி. 225 பவுண்டு பாரத்தைப் படுத்தபடி 35 முறை தூக்கினார். நாலரை மணிப் பேஸ்மென்ட்டின் அளவு இதுதான். அந்த வேகத்தில் ஓட, அவரைவிடப் பல பவுண்டு குறைந்தவர்களே சிரமப்படுவார்கள்.

இருந்தும் தேர்வு இரவான மே 8 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் பன்னிரண்டு பெயர்கள் அவருக்கு முன் வாசிக்கப்பட்டன. இதை வைத்துத் தேர்வாளர்களை முட்டாள்கள் என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். அந்தப் பன்னிரண்டில் கலீல் மேக் இருந்தார், மைக் எவன்ஸ் இருந்தார், ஓடெல் பெக்கம் இருந்தார். தேர்வாளர்களுடைய கவலைக்கும் காரணம் உண்டு. முன்வரிசைச் சண்டையில் முதலில் எதிராளியின் மார்பில் கை வைப்பவருக்கே பிடி. என்எஃப்எல் கார்டுகள் பலர் ஆறடி மூன்று, நான்கு அங்குலம், கைகளும் அதற்கேற்ற நீளம். குட்டையான டேக்கிளைக் கைநீட்டித் தள்ளியே நிறுத்திவிடலாம் என்பது பல ஆண்டு அனுபவம் சொன்ன பாடம்.

அவர்கள் தவறவிட்டது வேறு. உயரக்காரர் கீழிறங்கி முட்ட இடுப்பையும் முழங்காலையும் மடக்க வேண்டும், அதற்கு நேரமாகும். டொனால்டுக்குக் குனியவே வேண்டியதில்லை. நிற்கிற உயரமே எதிராளியின் மார்புக்குக் கீழே போகும் உயரம். பந்து அசைந்ததும் முதல் அடியை அவர் வைக்கும் வேகத்தில், எதிரே இருப்பவர் கை நீட்டுவதற்குள் அந்தக் கையையே தட்டிவிட்டிருப்பார். நீளமான கை, தொட ஆள் இருந்தால்தானே உதவும்? கல்லூரி ஆட்டப் படங்களில் இது திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஆனால் அளவுகோலில் தெரியாததைப் படத்தை மட்டும் நம்பி முதல் பத்துக்குள் எடுக்கத் துணிவு வேண்டும். அது யாருக்கும் வரவில்லை.

பதின்மூன்றாவதாக எடுத்தது செயின்ட் லூயிஸ் ராம்ஸ். இன்னும் இரண்டு இடம் தள்ளி, பதினைந்தாவதில், சொந்த ஊர் ஸ்டீலர்ஸ் காத்திருந்தது. அவர்கள் ரயன் ஷேசியரை எடுத்துக்கொண்டார்கள். ராம்ஸுக்கு உண்மையில் இன்னொரு முன்வரிசைக்காரர் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. கிறிஸ் லாங், ராபர்ட் குவின், மைக்கேல் ப்ராக்கர்ஸ் மூவருமே முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள், டொனால்டோடு நால்வர். இவ்வளவு முதலீட்டை டிஃபென்ஸில் போட்ட அந்த அணிக்குப் பந்தை எறிய உருப்படியான குவாட்டர்பேக் கிடையாது. அந்தக் காலத்து ராம்ஸின் வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

முதல் ஆட்டத்தில் மின்னசோட்டாவிடம் 34-6 தோல்வி. டொனால்ட் அப்போது மாற்று ஆள். பருவம் முடிவதற்குள் 16 ஆட்டங்களிலும் இறங்கி, 12-இல் தொடக்கத்திலிருந்தே ஆடி, 9 சாக் எடுத்து, ஆண்டின் சிறந்த அறிமுக டிஃபென்ஸ் வீரர் விருதைப் பெற்றார். அணி 6-10.

அந்தப் பருவத்தில் ஒரு வேடிக்கை. 2012-இல் வாஷிங்டன் அணி குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை எடுப்பதற்காக ராம்ஸுக்கு ஏகப்பட்ட தேர்வுரிமைகளை வாரிக் கொடுத்திருந்தது. 2014 டிசம்பர் 7 அன்று அந்த அணியின் சொந்த மைதானத்தில் ஆட்டம். நாணயம் சுண்டும் நேரத்தில் ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர், அந்த ஒப்பந்தத்தால் கிடைத்த ஆறு வீரர்களைக் கேப்டன்களாக மைதான நடுவுக்கு அனுப்பினார். எதிரணியின் புண்ணில் உப்புத் தடவத்தான். ஆட்டமும் 24-0. அந்த ஆறு பேரில் டொனால்ட் இல்லை. அவர் ராம்ஸின் சொந்த உரிமையில் வந்தவர். வாஷிங்டன் தந்த உரிமையில், டொனால்ட் எடுக்கப்பட்ட அதே இரவு இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிரெக் ராபின்சன் அந்த ஆறில் ஒருவர். ராபின்சனின் ஆட்டம் கடைசிவரை எடுபடவில்லை. பழிவாங்கலின் ஊர்வலத்தில் இடம்பெறாதவர்தான் அந்த அணியின் உண்மையான புதையல்.

2015 தொடக்கம் சியாட்டிலுடன். இதைக் கட்டாயம் பாருங்கள். சியாட்டில் அதற்கு முந்தைய இரண்டு சூப்பர் பவுல்களிலும் ஆடிய அணி. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 34-31 என்று முன்னிலை. சியாட்டிலுக்குக் கடைசி வாய்ப்பு, ஒரு கெஜம் தேவை. பந்து மார்ஷான் லிஞ்சிடம். அந்நாளில் ஒரு கெஜம் வேண்டுமென்றால் உலகத்தில் யாரிடமும் கொடுக்கத் தோன்றாமல் லிஞ்சிடம் கொடுப்பார்கள். டொனால்டும் ப்ராக்கர்ஸும் அவரைக் கோட்டிலேயே மடக்கினார்கள். ஆட்டம் முடிந்தது. பருவம் முடியும்போது டொனால்டுக்கு 11 சாக், லீகின் முதல்நிலைத் தேர்வணியில் இடம். ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது மட்டும் ஹூஸ்டனின் ஜே.ஜே. வாட்டுக்குப் போனது. அணி 7-9.

2016 ஜனவரியில் அணியையே ஊர் மாற்றிவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் ராம்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆனது. புது ஊர், புது ஆரவாரம். முதல் ஆட்டமே சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 28-0 தோல்வி. அதில் டொனால்ட் கோபத்தில் நடுவர் மீது கை பட நடந்துகொண்டதற்காக வெளியேற்றப்பட்டார். அடக்கமான உழைப்பாளி என்றே அவரைப் படம் பிடிப்பவர்கள் இந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தன் வேலையை முழுக்கச் செய்தும் பலகையில் எதிர்ப்பக்கமே எண் ஏறிக்கொண்டிருந்தால் மூன்றாவது வருடத்தில் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது அங்கே தெரிகிறது. நடுவர்மேல் கோபப்பட்டது தவறுதான், நியாயப்படுத்தவில்லை. டிசம்பரில் ஃபிஷர் நீக்கப்பட்டார். அணி 4-12, டொனால்டுக்கு 8 சாக்.

மூன்று ஆண்டுக் கூட்டல்: அணிக்கு 17 வெற்றி, 31 தோல்வி. அவருக்கு 28 சாக். பின்தங்கிய அணிக்கு எதிராக எதிரிகள் பந்தை எறிவதைக் குறைத்து ஓட்டத்திலேயே நேரத்தைத் தின்பார்கள். குவாட்டர்பேக்கைத் துரத்தக் கிடைக்கும் வாய்ப்பே சுருங்கிவிடும். அந்தச் சூழலில் உள்ளே நின்று எடுத்த 28.

பிறகு நடந்தது பணத்தகராறு. அதையும் தொடக்க வாழ்க்கையின் பகுதியாகவே நான் பார்க்கிறேன். 2011-இல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, புதிதாக எடுக்கப்படும் வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே நிர்ணயமாகும். மூன்று பருவம் முடியும்வரை அதைத் திருத்தவும் முடியாது. டொனால்டுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர். நமக்குப் பெரிய தொகைதான், ஆனால் பதின்மூன்றாவது என்ற அந்த ஒரு இரவின் தீர்ப்பு அவர் சம்பளச் சீட்டில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது. திருத்தலாம் என்று கதவு திறந்த முதல் கோடையிலேயே, 2017-இல், அவர் பயிற்சி முகாமுக்கு வர மறுத்தார். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் வந்தார், அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. புதிய பயிற்சியாளர் ஷான் மெக்வேக்கு வயது முப்பத்தொன்று. டிஃபென்ஸுக்கு வேட் ஃபிலிப்ஸ் வந்து வியூகத்தையே மாற்றியிருந்தார். முகாமே பார்க்காத டொனால்ட் 14 ஆட்டங்களில் 11 சாக் எடுத்தார், ஐந்து முறை பந்தைத் தட்டினார், ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் ஆனார். உள்ளே நிற்கும் டேக்கிள் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது 1999-இல் வாரன் சாப்புக்குப் பிறகு அதுவே முதல்முறை. அணி 11-5. அடுத்த கோடையில் மறுபடி முகாமுக்கு வரவில்லை. 2018 ஆகஸ்ட் 31-இல் ஆறு ஆண்டுக்கு 13.5 கோடி டாலர் என்று கையெழுத்தானது. அந்தப் பருவத்தில் எடுத்த இருபதரை சாக்கும் மற்றவையும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு கேமராக்களே அவரைத் தேடி வந்துவிட்டன, என் மடல் தேவைப்படாது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால்: தொகுத்துப் போட்ட சாகசக் காட்சிகளைத் தொடாதீர்கள். அவற்றில் எல்லா முறையும் அவர் ஜெயிப்பார். பழகிய கண்ணுக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. முழு ஆட்டத்தை எடுங்கள். பயிற்சியாளர்கள் பார்க்கும் 22 பேரும் தெரியும் படத்தை என்எஃப்எல் சந்தாவுக்குத் தருகிறது. அதிலும் பக்கவாட்டுக் கோணத்தைவிட, கோல் கம்பத்துப் பின்னாலிருந்து எடுத்த கோணம் முன்வரிசைக்கு நல்லது. சியாட்டில் ஆட்டத்தில் முதல் கால்பகுதியை மட்டும் ஓடவிட்டு, பந்து எங்கே போனாலும் போகட்டும் என்று, ராம்ஸில் டொனால்டின் எண்ணான 99-ஐயே பாருங்கள். முதலில் அவர் எத்தனை பேரைத் தன்னருகே இழுக்கிறார் என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டு பேர் வந்தால், வேறெங்கோ ஒருவர் தடையில்லாமல் போகிறார். அவர் யார் என்று தேடுங்கள். மூன்றாவது, நான்காவது முறையிலேயே பிடிபட்டுவிடும்.

ஜார்ஜியா டெக் ஆட்டத்தில் அவர் எண் 97, அதை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். டொனால்டுக்குப் பிறகு வந்தவர்களில் யாரைப் பின்தொடரலாம் என்று கேட்பவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அதில் எனக்கும் சில நண்பர்களுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்